பொலிஸாருக்கு ஏன் தனிக் காப்பு?
(தோட்டத் தலைவர்மார், மாதர் பிரதிநிதிகள், இளைஞர் பிரதிநிதிகளுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைக்குச் சம்பளக் கதை இல்லை. போன கூட்டத்தில் ஒரு தலைவர் எழுந்து, "பொலிஸ்காரர் அடிச்சா அவர் மேல வழக்குப் போட ஏலுமா? சட்டமே அவங்களுக்குக் காப்புக் கொடுத்திருக்காமே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் "ஏலாது" என்றார். பின்வரிசையில் ஓர் அக்கா, "ஏலும், ஆனா வெல்ல ஏலாது" என்றார். இந்த மூன்று பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இன்றைய நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாட்டின் சாதாரண சட்டத்தில், காக்கி போட்டவர் அடிக்கலாம் என்று எங்கேயும் எழுதியில்லை. தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அடித்தால் குற்றம், கொன்றால் குற்றம், அது எல்லோருக்கும்தான். தன் உயிரைக் காப்பாற்றத் திருப்பி அடிக்கும் உரிமையும் அதில் உண்டு. அதுவும் எல்லோருக்கும்தான், பொலிஸ்காரருக்கும் சேர்த்து. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இன்னும் கடுமையானது. சித்திரவதைக்கு எதிரான சமவாயச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் சித்திரவதை செய்தது நிரூபணமானால் ஏழு வருடத்துக்குக் குறையாமல், பத்து வருடம் வரை சிறை. "யுத்த காலம்", "அவசரகாலம்", "மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்ற சாட்டு எதுவும் அந்தச் சட்டத்தில் எடுபடாது.

அப்படியானால் காப்பு எங்கிருந்து வருகிறது? விசேட சட்டங்களில் இருந்து வருகிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 26ஆம் பிரிவைப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்துடன் செய்த, அல்லது செய்ததாகச் சொல்லப்படும் எந்தச் செயலுக்காகவும் ஓர் உத்தியோகத்தர் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்கிறது. 1947இல் வந்த பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் அதன் அண்ணன்தான். அவசரகால ஒழுங்குவிதியின் பேரில் செய்த காரியத்துக்குக் குற்ற வழக்குப் போடுவதானால் சட்டமா அதிபரின் கையெழுத்து வேண்டும். நல்லெண்ணத்துடன் செய்திருந்தால் நட்டஈட்டு வழக்கும் இல்லை.

'நல்லெண்ணம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். ஆசிரியர் தொழிலில் இருப்பதால் சொல்லைப் பிடித்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனைத் தள்ளிவிட்டு, "நல்ல எண்ணத்துலதான் சேர் தள்ளினேன்" என்றால் வகுப்பே சிரிக்கும். சட்டப் புத்தகத்தில் அதே வார்த்தை வந்தால் யாரும் சிரிப்பதில்லை. எண்ணம் ஒருவருடைய மனதுக்குள் இருப்பது. பூட்டிய அறைக்குள் நாலு பேர் நின்ற இடத்தில், அடித்தவருடைய மனதில் நல்ல எண்ணம் இல்லை என்பதை யார் காட்டுவது? நடைமுறையில் அந்தச் சுமை அடிபட்டவன் தலையில்தான் வந்து விழுகிறது. அவனிடம் சாட்சி இல்லை. சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அந்தப் பொலிஸ் நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்.

இது நம் தோட்டப் பக்கத்துக்குப் புதிய கதை அல்ல. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா அங்கே வாதாடினார். அப்போது நடந்த ஒரு விசயத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சூட்டைப் பற்றிய விசாரணை முடியும்வரை, வேலைநிறுத்தக்காரர்கள் மேல் போட்டிருந்த வழக்குகளைத் தள்ளிப்போடக் கேளுங்கள் என்று உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க பொலிஸ் மா அதிபருக்குச் சொன்னார். வெள்ளைக்காரப் பொலிஸ் மா அதிபர் மறுத்துவிட்டார். தேசாதிபதி கல்டெகொட்டும் பொலிஸ் பக்கமே நின்றார். அமைச்சர்கள் கூட்டாக இராஜினாமாச் செய்யும் அளவுக்கு விவகாரம் போனது. தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் செத்ததில் தொடங்கி, பொலிஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அரசாங்கத்தையே உலுக்கியது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து மக்கள் திரண்டபோது பொலிஸ் சூட்டில் சிவனு லட்சுமணன் விழுந்ததை இங்கே விளக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை.

டெவனுக்குப் பிறகு மூன்று மாதத்தில் வந்தது 77 ஓகஸ்ட் கலவரம். லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அந்த ஓகஸ்ட் மாதத்துக்கென்றே ஒரு சட்டம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அது. இன்டெம்னிட்டிச் சட்டம் என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். பொறுப்பிலிருந்து கழற்றிவிடும் சட்டம் என்று நாம் வைத்துக்கொள்வோம். 1977 ஓகஸ்ட் 1 முதல் 31 வரை, சட்டம் ஒழுங்கை நிலைநாட்டவென்று நல்லெண்ணத்துடன் செய்த காரியங்களுக்காக அமைச்சர் தொடக்கம் அரசாங்க உத்தியோகத்தர்வரை யார் மேலும் வழக்குப் போட முடியாது. அங்கேயும் அதே 'நல்லெண்ணம்'.

1988இல் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. முடிவுத் திகதி 1977 ஓகஸ்ட் 31இலிருந்து 1988 டிசம்பர் 16க்கு மாறியது. ஒரு மாதத்துக்குப் போட்ட போர்வையைப் பதினொரு வருடத்துக்கும் மேலாக இழுத்துவிட்டார்கள். நடுவில் 83 ஜூலை இருக்கிறது. தெற்கில் சிங்கள இளைஞர்களை அள்ளிக்கொண்டு போன காலத்தின் ஒரு பகுதியும் இருக்கிறது. இதைத் தமிழருக்கு எதிரான சட்டம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். சூரியவெவவிலும் தங்காலையிலும் பிள்ளையைத் தேடித் திரிந்த தாய்மாரையும் இதே போர்வைதான் மூடியது.

சட்டத்தில் எழுதாத காப்பும் உண்டு. எங்களைக் கேட்டால் அதுதான் பெரிய காப்பு.

1983 மார்ச் 8, மகளிர் தினம். கொழும்பில் ஊர்வலம் போன பெண்களைப் பொலிஸார் தடுத்தார்கள். இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தன பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டார். அவருடைய உரிமை மீறப்பட்டதென்று அந்த ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குக் கையோடு பதவியுயர்வு கிடைத்தது. தீர்ப்புச் சொன்ன நீதியரசர்களின் வீட்டுக்கு முன்னால் காடையர் கூட்டம் போய்க் கூச்சல் போட்டது. அதே வருடத் தொடக்கத்தில், 'பவிதி ஹண்ட' என்ற மதகுருமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பறித்த பொலிஸ் அத்தியட்சகர் பத்தாயிரம் ரூபா கட்ட வேண்டுமென்று நீதிமன்றம் சொன்னது. அவருக்கும் பதவியுயர்வு. அபராதத்தை அரசாங்கமே கட்டியது.

2000 ஒக்டோபர் 25, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஆயுதத்தோடு நின்ற பொலிஸார் அதைத் தடுக்கவில்லை. வழக்கு நடந்தது. பொலிஸ் அதிகாரிகள் உட்படச் சிலரை மேல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2005இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது.

ஒரேயடியாக இருட்டு என்றும் சொல்ல முடியாது. 2011இல் முன்னாள் இராணுவ வீரர் ஒருவர், பொலிஸார் தன்னைச் சித்திரவதை செய்தார்கள் என்று உயர் நீதிமன்றம் போனார். 2023 டிசம்பரில், பன்னிரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவருடைய உரிமையை மீறியவர்களில் ஒருவர் தேசபந்து தென்னக்கோன் என்றும், ஐந்து இலட்சம் ரூபாவை அவர் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு அவர் பதில் பொலிஸ் மா அதிபர். 2024 பெப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபராக்கினார்கள். 83ஆம் வருடத்துக் கதைதானே இது? ஆனால் இந்த முறை வழக்குகள் தொடர்ந்தன. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரைக் கடமை செய்யவிடாமல் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தப் பன்னிரண்டு வருடமும் ஒரு தனி மனிதன் வழக்கைக் கைவிடாமல் இருந்திருக்கிறார். வக்கீல் கூலி, பஸ் காசு, வேலைக்குப் போகாத நாள் என்று கணக்குப் பார்த்தால் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அது முடியும்?

'சொந்தப் பணத்திலிருந்து' என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். அரசாங்கம் கட்டினால் நாம் கட்டுவதாகத்தான் அர்த்தம். சீனிக்கும் மாவுக்கும் நாம் கொடுக்கும் வரியிலிருந்து நம்மை அடித்ததற்கான அபராதம் போகும். அமெரிக்காவிலும் இந்த வாதம் பெரிதாக நடந்தது. 2020இல் மினியாபொலிஸ் பொலிஸார் கையில் ஜோர்ஜ் ஃபுளோய்ட் இறந்த பிறகு, கொலராடோ மாநிலம் தன் பொலிஸாருக்கு இருந்த காப்பை எடுத்தது. நல்லெண்ணமில்லாமல் நடந்துகொண்ட உத்தியோகத்தர், தீர்ப்புத் தொகையில் 5 வீதம் அல்லது 25,000 டொலர், இரண்டில் எது குறைவோ அதைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். மிச்சம் அவரை வேலைக்கு வைத்தவருக்கு. குடும்பம் தெருவுக்கு வராத தொகைதான் அது. ஆனால் கை ஓங்கும்போது யோசிக்க வைக்கும்.

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். காப்பை எடுத்துவிட்டால் பொலிஸார் வேலை செய்யப் பயப்படுவார்கள், கசிப்புக்காரனும் போதைப்பொருள்காரனும் வழக்குப் போட்டே அவர்களை முடக்கிவிடுவார்கள் என்கிறார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நம் லயங்களுக்குள் கசிப்பு என்ன செய்கிறது என்பதை இங்கே இருக்கும் தலைவிமாரைக் கேட்டால் சொல்வார்கள். கான்ஸ்டபிளும் சம்பளக்காரர்தான். நமக்குச் சங்கம் இருக்கிறது, அவருக்குச் சங்கம் கட்ட அனுமதி இல்லை. நித்திரையில்லாமல் டியூட்டி பார்க்கிறார். மேலதிகாரி சொன்னதைச் செய்கிறார். பிரச்சினை என்றால் முதலில் மாட்டுப்படுவதும் அவர்தான். பொய் வழக்கிலிருந்து அவரைக் காப்பாற்றச் சட்டத்தரணி வேண்டும், நேர்மையான விசாரணை வேண்டும், சரியான லீவு வேண்டும். இதற்கெல்லாம் எங்கள் சங்கம் ஆதரவு. ஆனால் வழக்கே போடக்கூடாது என்பது வேறு விசயம். டொக்டருக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. பஸ் டிரைவருக்கு இல்லை. கையில் துவக்கு இல்லாதவர்களெல்லாம் நீதிமன்றத்தில் பதில் சொல்லும்போது, துவக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். எங்கள் பகுதித் தோட்டமொன்றில் நடந்தது. ஊர், பெயர் சொல்லவில்லை. பெக்டரியில் செம்புக் கம்பி களவு போனதென்று முறைப்பாடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்தொன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை காலையில் விட்டார்கள். நீதவான் முன்னால் கொண்டுபோகவேயில்லை. சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும். பாதம் வீங்கியிருந்தது, வலது கை தூக்க முடியவில்லை. அம்மா அவனைத் தோட்டத்து மருந்து அறைக்குக் கூட்டிப்போய், "கானுக்குள்ள விழுந்துட்டான்" என்று சொன்னார். அக்காவுக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம், வீட்டில் சத்தம் வேண்டாம் என்று நினைத்தார்கள். அந்தத் தாயைக் குறை சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்து, கை சரிவராமல் வேலைக்குப் போக முடியாத நிலையில்தான் விசயம் சங்கத்துக்கு வந்தது. அப்போது ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரித் துண்டு இல்லை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இல்லை. பொலிஸ் புத்தகத்தில் அவனைக் கைது செய்ததாக ஒரு வரிகூட இல்லை என்று சொன்னார்கள். அவன் கையெழுத்துப் போட்ட கடதாசி ஒன்று மட்டும் இருந்தது. சிங்களத்தில் எழுதியது. அதில் என்ன எழுதியிருந்ததென்று அவனுக்குத் தெரியாது.

இந்தப் பையனுக்கு 26ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் கம்பிக் களவுக்கும் என்ன சம்பந்தம்? அவனை அடித்தவரைக் காப்பாற்றியது காலம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. கொழும்புக்கு ஒருதரமும் போயிராத குடும்பத்துக்கு முப்பது நாள் என்பது கண்ணை மூடித் திறக்கும் நேரம். ஆனால் அதற்கொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கு டெலிபோனும் எடுக்கலாம். சட்டம் வந்த வருடமும் டெலிபோன் இலக்கமும் ஒன்றுதான், ஞாபகம் வைக்க லேசு.

ஆகவே தலைவர்மாரிடம் நாங்கள் கேட்பது இதுதான். உங்கள் டிவிசனில் யாரையாவது பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால், சங்கம் கொடுக்கும் கொப்பியில் உடனே எழுதுங்கள். எத்தனை மணி, யார் வந்தது, சட்டையில் இலக்கம் தெரிந்தால் அது, வாகன இலக்கம், எந்த நிலையத்துக்கு என்று சொன்னார்கள், பக்கத்தில் யார் யார் நின்றார்கள். ஒருவர் பின்னாலேயே நிலையத்துக்குப் போக வேண்டும், தனியாக அல்ல, இரண்டு பேராக. வாக்குமூலம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழும் ஆட்சிமொழி. தமிழில் எழுத ஆள் இல்லை என்றால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அடிபட்டிருந்தால் மருந்து அறையோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டொக்டரிடம் "விழுந்துட்டான்" என்று சொல்ல வேண்டாம், யார் அடித்தது என்று சொல்லுங்கள். அவர் எழுதும் அந்த ஒரு வரிதான் பிறகு கோட்டில் பேசும். பெண் பிள்ளைகள் விசயத்தில் தலைவிமார் கட்டாயம் கூடப் போக வேண்டும். 2023 மே மாதம் பதுளைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு தாய், நகை காணவில்லை என்ற முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸார் கொண்டுபோன பிறகு இறந்துபோனதை மறந்துவிடவில்லை அல்லவா? கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் சங்கத்தின் டெலிபோன் இலக்கம் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேளுங்கள்.

பயமும் இருக்கும், அது நியாயமானதே. பொலிஸ் சித்திரவதைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் எட்டு இலட்சம் ரூபா நட்டஈடு வென்ற ஒரு கொழும்புத் தொழிலாளியை, மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சில நாட்கள் இருக்கும்போது, 2004இல் பஸ்ஸுக்குள் சுட்டுக் கொன்றார்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அவை இருந்தாலும் ஒரு குடும்பத்தைத் தனியாக முன்னால் தள்ளிவிட மாட்டோம். முறைப்பாடு சங்கத்தின் கடிதத்தாளில் போகும், மாவட்டப் பிரதிநிதி கூடப் போவார்.

மேல்மட்டத்தில் சங்கம் என்ன சொல்லப்போகிறது என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக என்று 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வந்தன. இனியும் எந்தப் பெயரில் வந்தாலும், முதல் பக்கத்தில் உள்ள பெயரைப் பார்க்காமல் கடைசிப் பக்கங்களில் 'நல்லெண்ணம்' இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் எதிர்ப்போம், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும். பொலிஸாருக்கு எதிரான வழக்கைப் பொலிஸாரே விசாரிப்பது, அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபரே வழக்குப் போடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது, இரண்டும் மாற வேண்டும். தனி வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்ற பேச்சு நாட்டில் நடக்கிறது. அதில் தோட்டத் தொழிலாளியின் அனுபவமும் பதிவாகட்டும் என்று ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம். நகல் முன்மேசையில் இருக்கிறது. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்காமல் போட வேண்டாம், இப்போதுதானே அதைப் பற்றிப் பேசினோம்.

கொப்பிகளைத் தேத்தண்ணி நேரத்தில் டிவிசன் வாரியாகக் கொடுப்போம். அதற்குப் பிறகு சட்டத்தரணி வருகிறார், உங்கள் கேள்விகளைத் துண்டில் எழுதித் தாருங்கள்.